சென்னையில் பழைய படங்களைத் தேடி

செவ்வாய்

இந்த முறை சென்னைக்கு வந்தது கையால் வண்ணம் தீட்டிய பழைய படங்களைப் பார்ப்பதற்காக மட்டுமே. பறவை, செடி, பாம்பு, மீன், அப்புறம் குயவர், நெசவாளர், பாம்பாட்டி என்று மனிதர்கள். வண்ண அச்சு பரவுவதற்கு முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இந்தப் புத்தகங்கள் உருவான விதமே வேறு. செம்புத் தகட்டிலோ கல்லிலோ வரைந்து கோடுகளை மட்டும் அச்சடிப்பார்கள். பிறகு தாள் தாளாக எடுத்துத் தூரிகையால் நிறம் கொடுப்பார்கள். 50 படங்கள் உள்ள புத்தகத்துக்கு 100 பிரதி என்றால், 5000 தடவை யாரோ குனிந்து உட்கார்ந்து வண்ணம் போட்டிருக்க வேண்டும். அந்த யாரோ யார் என்பதுதான் என் கேள்வி.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் படங்களில் பலவற்றைக் கணினித் திரையில் பார்த்திருக்கிறேன். திரையில் தாளின் சொரசொரப்பு தெரியாது, நிறம் கோட்டைத் தாண்டி வழிந்த இடம் தெரியாது. அதனால்தான் நெல்லை எக்ஸ்பிரஸ்.

பெரம்பூரில் அத்தை வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனேன். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். மறக்காமல் கொண்டுபோங்கள்.

முதலில் புனித மேரி தேவாலயம். 1680இல் திறக்கப்பட்டது. தரையெங்கும் கல்லறைக் கற்கள். இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களில் எலிசபெத் குவிலிம் ஒருவர். கணவர் ஹென்றி குவிலிம், சென்னையில் அப்போது புதிதாக அமைந்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. 1801இல் கணவரோடும் தங்கை மேரி சைமண்ட்ஸோடும் வந்தார். 1807இல் இங்கேயே இறந்துபோனார். இடையில் கிடைத்த ஆறு ஆண்டுகளில் அவர் வரைந்த பறவை ஓவியங்களில் 121 நமக்குக் கிடைத்திருக்கின்றன. பல படங்களில் பறவை அதன் உண்மையான அளவிலேயே இருக்கிறது. பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றைப் பார்த்து வரைந்தவை. அமெரிக்காவின் ஆடபான் தன் புகழ்பெற்ற பெரிய பறவைப் படங்களை வெளியிடத் தொடங்கியது 1827இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு பெண் இதைச் செய்து முடித்திருக்கிறார். அவர் காலத்தில் ஓவியங்கள் அச்சேறவே இல்லை. 1924இல் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கனடாவில் மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பறவைகளை அசலில் பார்க்க வேண்டுமென்றால் மாண்ட்ரியலுக்குத்தான் போக வேண்டும். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பக்கத்திலேயே கோட்டை அருங்காட்சியகம். மாடியில் ஆளுநர்களின் பெரிய பெரிய உருவப்படங்கள். அவற்றை வேகமாகக் கடந்து, பழைய ஊர்க் காட்சிப் படங்களிடம் போய் நின்றுகொண்டேன். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792–93இல் தமிழ்நாட்டுப் பக்கம் சுற்றினார்கள். ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 இந்தியக் காட்சிகளை வெளியிட்டார்கள். அவற்றை அச்சடிக்க, செம்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்குவார்கள். பொடித் துகள்களுக்கு நடுவே மட்டும் அமிலம் அரிக்கும். அச்சடித்தால் நீர்வண்ணம் பூசியது போன்ற மெல்லிய நிழல் கிடைக்கும். அதற்கு மேல்தான் கைவண்ணம். வானத்தின் நீலம் கீழே வர வர வெளுத்து மஞ்சளாக மாறும் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அந்த மாற்றத்தைத் தாளில் கொண்டுவர முயன்றவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

புதன்

டேனியல்கள் வரைந்த சென்னைக் காட்சிகளில் 'ஆர்மீனியப் பாலம்' ஒன்று. பரங்கிமலைக்குப் போகும் வழியில் அடையாற்றின் மேல் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தன் செலவில் கட்டிய பாலம் அது. இன்று அந்த இடத்தில் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. காலையில் அங்கே போனேன். டேனியல்கள் எங்கே உட்கார்ந்து வரைந்திருப்பார்கள் என்று பார்க்க ஆசை.

கண்டுபிடிக்க முடியவில்லை. லாரியும் பேருந்தும் போகும்போது பாலம் அதிர்கிறது. கீழே ஆறு கறுப்பாக ஓடுகிறது. உஸ்கானின் நினைவுக் கல்வெட்டு மட்டும் ஓரமாக இருக்கிறது. இங்கே ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஓவியம் வரைய முடிந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. பழைய படங்களைச் சிலர் வெறும் அலங்காரம் என்கிறார்கள். அவர்களை இங்கே அழைத்துவந்து கையில் அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டும்.

அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். வெண்கலச் சிலைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் போனது பறவைகள் கூடத்துக்கு. பதப்படுத்திய பறவைகளின் இறகு நாள்பட்டு மங்கிப்போயிருக்கிறது. கால், அலகு, கண்ணைச் சுற்றிய தோல் இவற்றின் நிறம் பறவை செத்தவுடனேயே போகத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரு காலத்தில் படம் அவ்வளவு அவசியமாக இருந்தது. தோலை அனுப்பினால் லண்டனில் இருப்பவருக்கு அளவு தெரியும், நிறம் தெரியாது. நிறத்தைக் கொண்டுபோனது ஓவியம்.

சென்னைப் படையில் அறுவை மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1843 முதல் 1847 வரை இந்தியப் பறவைகளைப் பற்றி 50 படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலும் தென்னாட்டுப் பறவைகள். அதை வெளியிட்ட ஊர் சென்னைதான். படங்களுக்கு உழைத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஓவியர்கள்.

மாலையில் கல்லூரிச் சாலையில் சென்னை இலக்கியச் சங்க நூலகம். 1812இல் தொடங்கிய அமைப்பு. சிவப்புக் கட்டடம், கூரையைத் தொடும் அலமாரிகள், ஏறிப் புத்தகம் எடுக்க இரும்பு ஏணி. சங்கம் 1833 முதல் நடத்திய ஆய்விதழில்தான் ஜெர்டனின் பறவைப் பட்டியல் வந்தது. சிதைந்த நூல்களைச் சீர்செய்ய இங்கே ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கான செலவை ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். நான் ஒன்றை ஏற்றுக்கொண்டேன். என்ன புத்தகம் என்பது இங்கே முக்கியமில்லை. முடிந்தவர்கள் செய்யுங்கள்.

வியாழன்

இன்று பார்த்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் புரசைவாக்கம் கங்காதரேசுவரர் கோயில். தலமரம் புரசு. ஊருக்கே அந்த மரத்தால் வந்த பெயர். மாசி மாதம் புரசு இலையை உதிர்த்துவிட்டுப் பூவாக நிற்கும் காலம். அந்தப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் புரசின் அடியில் உதிர்ந்து கிடந்த பூக்களில் நான்கைந்தை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டேன். காரணம், மதியம் போகவிருந்த வீடு.

மயிலாப்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முந்தைய காலத்திலிருந்து பழைய படத் தாள்களை வாங்கிச் சேர்ப்பவர். சில வியாபாரிகள் பழைய நூல்களைப் பிரித்து, படங்களை மட்டும் தனித்தனியாக விற்பார்களாம். முழுப் புத்தகத்துக்குக் கிடைக்கும் விலையைவிடத் தாள் தாளாக விற்றால் அதிகம் கிடைக்கும். "அவங்க கிழிச்சதை நான் பொறுக்குறேம்மா" என்றார். பூவைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலில் வந்த புரசு. ராக்ஸ்பரோ கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் இருந்தபோது உள்ளூர் ஓவியர்களை வைத்து வரையச் செய்து அனுப்பிய படங்களிலிருந்து, ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் மேற்பார்வையில் லண்டனில் அச்சான நூல் அது. 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதி, 300 படங்கள்.

பெரிய தாள். செம்புத் தகடு அழுந்திய விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. கிளையிலிருந்து பூங்கொத்து வெடித்து வருகிறது. மொட்டின் கரும்பச்சை மேல் மயிரடர்ந்த மினுமினுப்பைக் காட்டச் சின்னச் சின்னக் கோடுகள். கீழே பூவின் பாகங்களைப் பிரித்துத் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒரு இதழில் தூரிகை இடமிருந்து வலமாகப் போய், ஓரத்தில் வண்ணம் தேங்கிக் காய்ந்து ஒரு கோடாக நிற்பது தெரிகிறது. பக்கத்து இதழில் நிறம் அச்சுக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டிவிட்டது. கை அவசரப்பட்டிருக்கிறது. அன்றைக்கு எத்தனையாவது புரசோ.

நான் கொண்டுபோன பூவைப் பக்கத்தில் வைத்தோம். உருவம் அச்சு அசல். நிறம்தான் இடித்தது. பூவின் நிறம் காவிச் சிவப்பில் நெருப்பு கலந்தது. தாளில் இருப்பது சற்று வெளிறிய ஆரஞ்சு. காலம் போனதால் மங்கியிருக்கலாம் என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "லண்டன்ல பூசினவங்க புரசைப் பார்த்ததே கிடையாதும்மா. முன்னாடி ஒரு மாதிரிப் படம் இருக்கும். அதைப் பார்த்து இவங்க பூசுவாங்க, அவ்வளவுதான்." இரண்டுமே காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது மனசில் நின்றுவிட்டது. முதலில் வரைந்தவர் மரத்தடியில் நின்றவர். நிறம் தீட்டியவருக்கு மரம் வெறும் எண்.

சென்னையில் அச்சான நூல்களின் கதை வேறு. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் கல் அச்சைத் தானே கற்றுக்கொண்டு, 1838இலிருந்து 1853 வரை இங்கிருந்தே ஆறு தொகுதிகள், 2101 தாவரப் படங்கள் வெளியிட்டார். அவை வண்ணமில்லாதவை. நிறம் சேர்த்தால் விலை எங்கேயோ போய்விடும். கூடவே அவர் கொண்டுவந்த வேறு நூல்களில் கைவண்ணம் உண்டு. வைட்டுக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். பெரியவர் வைத்திருந்த கறுப்பு வெள்ளைத் தாள் ஒன்றின் அடி ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், ரங்கையாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. விரலை வைத்து அதைத் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாதுதான், பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் வகைக்கே வைட் சூட்டினார், கோவிந்தூயியா என்று. பிற்பாடு வகைப்பாட்டில் அது வேறு பேரினத்தோடு சேர்ந்துவிட்டது. இருவருடைய மூல ஓவியங்கள் எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் உள்ளன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி பல ஆண்டுகள் உழைத்து இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அது இல்லையென்றால் இவர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

அப்புறம் பெரியவர் இன்னொரு பெட்டியைத் திறந்தார். திருச்சியில் காக்காப்பொன் தகட்டின் மேல் தீட்டிய சின்னப் படங்கள். மைக்கா என்றால் எல்லோருக்கும் புரியும். உள்ளங்கை அளவு, கண்ணாடி போல ஒளி ஊடுருவும். தச்சர், பால்காரி, தண்ணீர் சுமப்பவர், பூசாரி. இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வாங்கி ஊருக்கு அனுப்பியவை. தஞ்சாவூரில் தாளில் செய்த தொகுப்புகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் கணவனும் மனைவியும் ஜோடியாக, கையில் தொழில் கருவியோடு நிற்பார்கள். நிறங்கள் அற்புதம். சேலைக்கரையில் ஒரே மயிரைக் கொண்ட தூரிகையால் இழுத்தது போன்ற கோடு.

ஆனால் முகங்களைப் பாருங்கள். தச்சருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் ஒரே மூக்கு, ஒரே கண். காக்காப்பொன் படங்களில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு அட்டையில் தலை மட்டும் வரைந்திருக்கும். உடம்பு, உடை, தலைப்பாகை எல்லாம் தனித்தனிக் காக்காப்பொன் தகடுகளில் இருக்கும், முகத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். தகட்டை மாற்றி மாற்றி வைத்தால் அதே தலை சிப்பாயாகும், பூசாரியாகும், வியாபாரியாகும். வாங்கியவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு நெஞ்சு கனத்தது. குவிலிம் ஒரு பறவையை வரைந்தால் அது அன்று காலை பிடிபட்ட அந்தப் பறவை. ஒடிந்த இறகு இருந்தால் அதுவும் படத்தில் வரும். இங்கே மனிதருக்கு அந்த மரியாதை இல்லை. அவர் ஒரு சாதி, ஒரு தொழில், அடியில் ஒரு ஆங்கிலத் தலைப்பு. வரைந்தவர்கள் நம் ஆட்கள்தான். பக்கத்துத் தெருத் தச்சரின் முகம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வாங்குபவர்கள் அதைக் கேட்கவில்லை. இந்தப் படங்களைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வெள்ளி

அருங்காட்சியகங்களுக்கு இன்று விடுமுறை. காலையில் மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பழைய ஓவியர்களின் வண்ணப் பெட்டியில் பாதி அங்கே கிடைக்கும். அவுரி இலைப் பொடி, காவிக்கல், வேலம்பிசின். சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்கும்மா?" என்றார். கேட்க வேண்டியதுதான். முன்னதில் பாதரசம், பின்னதில் பாஷாணம். அந்தக் காலத்தில் தூரிகை முனையைக் கூராக்க நாக்கில் வைத்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ. காவியும் பிசினும் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மதியம், பழைய தாள்களைச் செப்பனிடும் தொழில் செய்யும் அக்கா ஒருவர் வீட்டில். அவருக்கும் பெயர் வேண்டாம். பிசினை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, காவியை அம்மியில் வழிப்பது போல ஒரு கண்ணாடிப் பலகையில் அரைத்துக் காட்டினார். அரை மணி நேரம் ஆனது. "நறநறன்னு சத்தம் நிக்கிற வரைக்கும் அரைக்கணும்" என்றார். பிசின் குறைந்தால் காய்ந்ததும் பொடியாக உதிரும். கூடினால் வெடிக்கும். பாம்பின் கண், வண்டின் முதுகு இவற்றில் பளபளப்பு வர வேண்டுமென்றால், காய்ந்த பிறகு கெட்டிப் பிசினை ஒரு சொட்டு வைப்பார்கள். மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைப் பாம்புகள் நூலும் கைவண்ணம்தான். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் இன்றும் அவரை வைத்தே வழங்குகிறது.

சில படங்களில் வெள்ளை வேட்டி சாம்பலாகவோ கறுப்பாகவோ இருக்கும். அழுக்கு என்று நினைத்து யாரும் துடைக்கப் போக வேண்டாம் என்றார் அக்கா. ஈயத்தில் செய்த வெள்ளை, காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துப்போகிறது. தாளில் வரும் தவிட்டு நிறப் புள்ளிகளுக்குக் காரணம் ஈரம். சென்னைக் கடற்காற்று இந்தப் படங்களுக்கு எமன்.

சனி

விடியற்காலை காசிமேடு. அத்தை "மீன் வாங்கவா அவ்வளவு தூரம்? இங்கன கிடைக்காதா?" என்று கேட்டாள். மேரி சைமண்ட்ஸை நினைத்துத்தான் போனேன். அக்காள் பறவை வரைந்தால் தங்கை மீன் வரைந்தாள். மெக்கில் சேகரிப்பில் மீன் படங்கள் 31 இருக்கின்றன. மீன் வரைவது பறவையைவிட அவசரமான வேலை.

படகிலிருந்து கூடை இறங்கியதும் ஒரு கானாங்கெளுத்தியை வாங்கி, ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முதுகில் மயில் பச்சை, அதில் அலையலையாகக் கறுப்பு, பக்கவாட்டில் ஒரு பொன் கோடு, வயிறு வெள்ளி. வண்ணப் பெட்டியைத் திறந்து முதுகுப் பச்சையைக் கலக்குவதற்குள் பொன் கோடு போய்விட்டது. பச்சை நீலமாகி, நீலம் ஈயமாகிக்கொண்டே வந்தது. மீன் விற்கும் அக்கா ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி தெளிச்சிட்டே இரும்மா, கொஞ்ச நேரம் நிக்கும்" என்றாள். தெளித்தேன். நிஜமாகவே கொஞ்சம் நின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சைமண்ட்ஸுக்கும் ஒரு மீனவப் பெண் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும்.

இரவு ரயில். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ராக்ஸ்பரோ, வைட், ஜெர்டன் நூல்களைப் பல்லுயிர் பாரம்பரிய நூலகத்தின் (Biodiversity Heritage Library) இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் பெட்டியிலோ காக்காப்பொன் படமோ வண்ணம் தீட்டிய பழைய தாளோ இருந்தால், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பிசின் வண்ணம் கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டுவதும் செலோடேப் போடுவதும் வேண்டாம். அமிலமில்லாத தாளில் பொதிந்து, படுக்கை வாட்டத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பென்சிலில் தமிழிலோ தெலுங்கிலோ ஏதாவது கிறுக்கியிருந்தால் முதலில் அதைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். தீட்டியவரின் பெயர் எங்காவது இருக்கிறது என்றால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.